ஆறப்போடுற சாம்பல்

உக்காருங்க தம்பி. ஃபேன் போட முடியாது, கோச்சுக்காதீங்க. பர்னர் எரியறப்ப காத்து அடிச்சா நெருப்பு ஆடிரும். கையில இருக்கற இந்த ஒரு கண்ணாடி மணிய முடிச்சுக்கறேன். பாதியில விட்டா பட்டுன்னு வெடிச்சு உங்க மூஞ்சியிலதான் வந்து தெறிக்கும்.

ஆச்சு. சூளையில போட்டாச்சு, கேஸையும் மூடியாச்சு. இப்ப சொல்லுங்க, யாரு, என்னா வேணும்?

வேதவல்லி தம்பியா! நெய்வேலிக்காரர்! அதானே பாத்தேன், வாசல்ல நிக்கறப்பவே அந்த மூக்க எங்கயோ பாத்த மாதிரி இருந்துச்சு. அக்கா எப்படி இருக்காங்க? போன அமாவாசைக்கு வரலையே.

என்னா தம்பி சொல்றீங்க?

எப்போ? இருபது நாளாச்சா? எனக்கு ஒருத்தரும் ஒரு சொல்லு சொல்லலையே. நெஞ்சு வலின்னு ரெண்டு நாளு ஆஸ்பத்திரியில கெடந்தாங்களா. சரி. சரி, அழுவாதீங்க. நான் அழுவறேன்னு நீங்களும் ஆரம்பிக்காதீங்க. இந்தாங்க, தண்ணி குடிங்க.

உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. போன அமாவாசைக்கு அவங்க வரலைன்னதும் நான் என்னா நெனச்சேன் தெரியுமா? அப்பாடான்னு நெனச்சேன். வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன். மூணு மணி தாண்டுனதும், இனிமே வரமாட்டாங்கன்னு தெரிஞ்சதும், கடைக்குப் போயி நின்னு நிதானமா ஒரு டீ குடிச்சேன். கணக்குப் பாத்தா அன்னிக்கு அவங்க செத்து நாலாவது நாளு. நான் நல்லா இருப்பனா?

அந்த மஞ்சப் பையில என்னா?

அக்காவா?

கீழ வைக்காதீங்க. மடியிலயே வச்சுக்கங்க.

அக்காவ அவங்க பொண்ணோட சேத்துரணும்னு கேட்டு வந்திருக்கீங்க. அதானே? ஆஸ்பத்திரியில உங்க கையப் புடிச்சுக்கிட்டு அத ஒண்ணுதான் கேட்டாங்களா. இலக்கியா அஸ்திய வச்சு நான் செஞ்சு குடுத்த டாலர்ல அவங்களையும் ஒரு சிட்டிகை சேத்து... இருங்க, இருங்க, குறுக்க பேசாதீங்க. நீங்க என்னா சொல்ல வர்றீங்கன்னு எனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லியாகணும். அதக் கேட்டுட்டு நீங்க பேசுங்க. அடிக்கணும்னு தோணுனா அடிங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.

மொதல்ல எங்க வேலை உங்களுக்குப் புரியணும். கண்ணாடிக் குச்சிய நெருப்புல காட்டுனா தேன் மாதிரி எளகும். அதக் கம்பியில சுத்தி உருட்டுனா மணி. தட்டையாக்கி வளையம் வச்சா டாலர். அதுவரைக்கும் எந்தக் கழுதையும் செஞ்சுரும். அதுக்கப்புறம்தான் இருக்கு சமாச்சாரம். சூடா இருக்கற மணிய அப்படியே வெளிய வச்சா கீறல் விட்டுரும். இன்னிக்கே விடாது, அதான் கொடுமை. நல்லா இருக்கற மாதிரி இருக்கும். வாங்கிட்டுப் போனவங்க கழுத்துல கெடக்கறப்ப, ஒரு வாரமோ ஒரு மாசமோ கழிச்சு, தானா ரெண்டாப் பொளக்கும். அதனால மெதுவா ஆறப்போடணும். இப்ப கரண்டு சூளை வந்துருச்சு. முன்னாடி எல்லாம் சாம்பல்தான். சவுக்கு விறகுச் சாம்பல். டின்னு நெறைய வெதுவெதுப்பாச் சாம்பல வச்சு, செய்யற மணிய உடனே உடனே அதுக்குள்ள சொருகிருவோம். மறுநாள் காலையில எடுப்போம். அந்த மூலையில இருக்கு பாருங்க, எண்ணெய் டின்னு, அதான். அதையே ஏன் அப்படிப் பாக்கறீங்க? இங்க என்னையப் பாருங்க.

மணிய எடுக்க எடுக்கச் சாம்பல் கொறையும். ஒட்டிக்கிட்டுப் போயிரும், காத்துல பறக்கும். அதுக்குப் புதுச் சாம்பல மெல்லிசான வாயில் புடவைத் துணியில சலிச்சு பேப்பர்ல கொட்டி வப்போம். பேப்பரு மேல சலிச்ச சாம்பல் கெடந்தா, யாரு கண்ணுல படுதோ அவங்க அப்படியே மடிச்சு டின்னுல சாய்ச்சுரணும். இங்க அதான் வழக்கம். அப்ப அஞ்சு பேரு வேலை பாத்தோம், யாரும் யாரையும் கேக்கறதில்ல. அது கை தானாச் செய்யற வேலை.

ஏழு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆடி மாசம் உங்க அக்கா எங்க பழைய ஷெட்டுக்கு வந்தாங்க. பாகூர்ல தையல் கடைன்னாங்க. கையில ஒரு குங்குமச் சிமிழு. அதுல இருந்தது நீங்க எடுத்தாந்து குடுத்ததாமே? காடாத்து அன்னிக்குச் சுடுகாட்டுல எலும்பு பொறுக்கிக் கடல்ல கரைக்கப் போனப்ப, அக்கா வூட்டுக்காரரு, உங்க மாமா கண்ணுல படாம கைக்குட்டையில முடிஞ்சு கொண்டாந்தீங்களாம். "என் தம்பி மட்டும் இல்லைன்னா எனக்கு என் பொண்ணோட ஒரு தூசி கூட மிஞ்சியிருக்காதுக்கா"ன்னாங்க. நீங்க அன்னிக்குச் செஞ்சது பெரிய காரியம் தம்பி. அத நெனச்சாத்தான் எனக்கு உங்க மூஞ்சியப் பாக்கவே கூசுது.

செத்த பொண்ணோட பொருள் எதுவும் வீட்டுல இருக்கக் கூடாதுன்னு உங்க மாமா ஒத்தக் கால்ல நின்னாராம். துணிமணியெல்லாம் போயிருச்சு. "இந்தச் சிமிழையும் கண்டுபுடிச்சிருவாரு. டாலராச் செஞ்சு குடுத்தா கழுத்துல போட்டுக்குவேன், அவருக்குச் சந்தேகம் வராது"ன்னு கையப் புடிச்சுக்கிட்டாங்க. நான் முடியாதுன்னுதான் சொன்னேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவைதான் சாம்பல் வச்ச டாலர் செஞ்சிருந்தேன், அதுவும் ஒரு நாய்க்கு. பெல்ஜியத்துல யாரோ ஒரு அம்மா செத்த நாய எரிச்சு, அந்தச் சாம்பல பார்சல்ல அனுப்பியிருந்தாங்க. சிரிச்சுக்கிட்டே செஞ்சோம். இது அப்படியா? பத்தொம்பது வயசுப் பொண்ணு. காய்ச்சல்னு படுத்து அஞ்சே நாளு. பாஸ்போர்ட்டு வந்து ரெண்டு வாரம்தான் ஆச்சாம், அதக் கொண்டாந்து காட்டுனாங்க. ஒரு முத்திரை கூட விழாத பாஸ்போர்ட்டு. போட்டோவுல சிரிக்காம நேரா என்னையே பாத்துச்சு அந்தப் பொண்ணு. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. சரின்னு வாங்கி வச்சுக்கிட்டேன்.

அந்தச் சாம்பல அப்படியே கண்ணாடிக்குள்ள வைக்க முடியாது. எலும்புத் துண்டு பெருசா இருந்தா கண்ணாடி கீறிரும். நுணுக்கணும். சின்னக் கல்வத்துல போட்டு, "மன்னிச்சுக்கம்மா, மன்னிச்சுக்கம்மா"ன்னு சொல்லிக்கிட்டே நுணுக்குனேன். வாயில் துணியில சலிச்சேன். பேப்பர்ல கொட்டி வச்சேன்.

உங்க மூஞ்சி போற போக்கப் பாத்தா உங்களுக்கே புரிஞ்சிருச்சு போல.

சங்கரின்னு ஒருத்தி இங்க வேலை பாத்தா. அவதான் டின்னுல சாய்ச்சுட்டா. எனக்குப் போன் வந்துச்சுன்னு அந்தப் பக்கம் போனேன். என் நாத்தனாரு, போன எடுத்தான்னா கீழ வைக்கமாட்டா. பேசிட்டு வந்து பாத்தா பேப்பரு காலி. நாலா மடிச்சுப் பர்னர் பக்கத்துல கெடக்குது. எனக்குக் காதுல 'ஙொய்'ன்னு ஒரு சத்தம். டின்னுக்குள்ள கைய விட்டேன், உள்ள அப்பதான் போட்ட மணியெல்லாம் சூடா இருக்கு, சுட்டுருச்சு. இந்தா பாருங்க, இந்தத் தழும்பு அன்னிக்குப் பட்டதுதான். அள்ளி அள்ளிப் பாத்தேன். சவுக்குச் சாம்பலும் வெள்ளை, அதுவும் வெள்ளை. எது அவ, எது வெறகுன்னு நான் எப்படித் தம்பி பிரிப்பேன்?

இருங்க. இன்னும் முடியல. சொல்லவிடுங்க.

அப்ப டாலர்ல என்னா வச்சேன்னு கேக்கறீங்க. அந்த டின்னுல இருந்துதான் ஒரு சிட்டிகை எடுத்து வச்சேன். வேற என்னா செய்வேன்? அதுலயும் அவ இருக்கா இல்ல? கொஞ்சமாவது இருப்பாளே. அப்படி நெனச்சுத்தான் செஞ்சேன். பொய்யின்னு முழுசாச் சொல்லிர முடியாது பாருங்க. ஆனா அன்னிக்கு உருட்டுனது மாதிரி ஒரு டாலர நான் அதுக்கு முன்னாடியும் உருட்டல, அதுக்கப்புறமும் உருட்டல. நீலத்து மேல சாம்பலு, அதுக்கு மேல தெளிஞ்ச கண்ணாடி. உள்ள பொடிப்பொடியாக் குமிழி நின்னுச்சு. உங்க அக்கா அத வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, "மூச்சு விடறாக்கா"ன்னாங்க. "இது என் பொண்ணுதானே?"ன்னு கேட்டாங்க. நான் ஆமான்னேன்.

வாய் கூசாம ஆமான்னேன்.

அதோட முடிஞ்சிருந்தா நானும் மறந்திருப்பேன், மனுசப் பொறப்புத்தானே. முடியல. அந்த டின்னுல ஆறப்போட்ட மணி ஒண்ணு கூடக் கீறல. உங்களுக்கு அதோட அர்த்தம் தெரியாது. நூறு மணி செஞ்சா நாலு கீறும், அஞ்சு கீறும், அது இந்தத் தொழிலோட விதி. அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, கிறிஸ்துமஸ் ஆர்டரு, ஆயிரக்கணக்குல போச்சு. ஒண்ணே ஒண்ணு கூடக் கீறல. ஓனரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கல, "அஞ்சலாட்சி கை வந்துருச்சு"ன்னு எல்லாருக்கும் கேசரி வாங்கிக் குடுத்தாங்க. நான் அந்தக் கேசரியத் தொடல. காலையில வந்து கைய விட்டா சாம்பல் வெதுவெதுன்னு இருக்கும், ராத்திரி முழுக்க யாரோ உள்ள கைய வச்சுப் பொத்திக்கிட்டு இருந்த மாதிரி. மேல அஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, வெயிலு எறங்குதுன்னு ஓனரம்மா சொல்லுவாங்க. மார்கழியில எங்க இருந்து வெயிலு வந்துச்சு? நாலு வருஷமா அந்த டின்னுல நான் ஆர்டரு வேலையே செய்யறதில்ல. இப்பவும் போயிக் கைய விட்டுப் பாருங்க. வெதுவெதுன்னு இருக்கும்.

வழக்கமா ஆறு மாசத்துக்கு ஒருக்கா சாம்பல மாத்திருவோம். கெட்டியாயிரும், கொட்டிட்டுப் புதுசு போடுவோம். இத எப்படிக் கொட்டுவேன்? எங்க கொட்டுவேன்? சாக்கடையிலயா? பழைய ஷெட்டக் காலி பண்ணிட்டு இங்க வந்தப்ப மத்த சாமானெல்லாம் வண்டியில வந்துச்சு. இத மட்டும் நான் ஆட்டோவுல மடியில வச்சுக்கிட்டு வந்தேன். ஆட்டோக்காரன் "என்னாம்மா, எண்ணெயா, ஒழுவப் போவுது"ன்னான். டின்ன இன்னும் இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன்.

ஆனா தம்பி, செத்தவளப் பத்தி எனக்குப் பயம் இல்ல. உண்மையச் சொல்றேன். கைய விடறப்ப "இலக்கியா, கை விடறேன்"னு சொல்லிட்டு விடுவேன், அவ ஒண்ணும் பண்ணமாட்டா. உசுரோட இருந்தவதான் என்னைய வாட்டுனா. உங்க அக்காவத்தான் சொல்றேன். மாசா மாசம் அமாவாசை அன்னிக்குப் பாகூரு பஸ்ஸு புடிச்சு வந்துருவாங்க. ஒரு அமாவாசை தப்பாது. மழை, வெயிலு, பந்த்து, எதுவும் கெடையாது. அவங்க வூட்டுக்காரரு போனாரே போன வருஷம், அந்த மாசம் கூட வந்தாங்க. வந்து என்னா செய்யறாங்க? ஒண்ணும் இல்ல. ஒரு ஸ்டூல இழுத்துப் போட்டு அந்த டின்னு பக்கத்துல உக்காந்துக்குவாங்க. ஏன் அங்கயே போயி உக்காரணும்? இவ்வளவு எடம் கெடக்குல்ல? நம்ம மேல சந்தேகம், துப்பு துலக்க வர்றா இவ, அப்படின்னு நெனப்பேன்.

கேள்வி வேற. "இந்த மணியெல்லாம் எந்த ஊருக்குக்கா போவுது?" நான் சொல்லுவேன், பெல்ஜியம், ஜப்பான், கனடா, எங்க பார்சல் போவுதோ அந்த ஊரையெல்லாம். "ஜப்பானுக்குக் கூடவா?"ன்னு கேப்பாங்க. கேட்டுட்டு அவங்களா சிரிச்சுக்குவாங்க. "என் பொண்ணுக்கு ஊரு சுத்தணும்னு கொள்ளை ஆசைக்கா"ன்னு சொல்லுவாங்க. மணி போறதுக்கும் பொண்ணுக்கும் என்னா சம்மந்தம்? பெத்த வயிறு, கொஞ்சம் கலங்கிப் போச்சுன்னு விட்டுட்டேன்.

கரண்டு சூளை வந்த மாசம் நடந்தத இன்னும் கேளுங்க. நான் மணிய அதுல போடறதப் பாத்துட்டு உங்க அக்கா மூஞ்சி செத்துப்போச்சு. "டின்னுல போடறதில்லையாக்கா இப்ப?"ன்னு கேட்டாங்க. இல்லைன்னேன். போறப்பச் செருப்ப மாத்திப் போட்டுக்கிட்டுப் போனாங்க. எனக்கு மனசு கேக்கல. அதுல இருந்து அவங்க வர்ற நாள்ல மட்டும் நாலு மணிய டின்னுல சொருகி வப்பேன். பாத்துட்டுத் திருப்தியாப் போவாங்க. ஏன் எதுக்குன்னு நான் கேக்கல. குத்தம் உள்ள மனசு எதத்தான் கேக்கும்?

தை மாசம் அந்தப் பொண்ணு பொறந்த நாளாம். வீட்டுல இருந்து பாசிப்பருப்புப் பாயசம் வச்சுத் தூக்குல கொண்டாருவாங்க. எனக்கு ஒரு டம்ளரு. இன்னொரு டம்ளர டின்னு ஓரமா வச்சுட்டுப் பேசிக்கிட்டே இருப்பாங்க. கெளம்பறப்ப அத எடுக்க மறந்துட்டுப் போயிருவாங்க. வருஷா வருஷம் மறந்துட்டுப் போயிருவாங்க. அப்புறம் போறதுக்கு முன்னாடி வாசல்ல நின்னு ஒரு கேள்வி கேப்பாங்க பாருங்க, அதுதான். "நல்லா இருக்காளாக்கா?" டாலர் கழுத்துல தொங்குது. அதப் பாத்துத் தெரிஞ்சுக்க வேண்டியதுதானே? என்னைய ஏன் கேக்கணும்? "நல்லா இருக்கா வேதவல்லி, நல்லா இருக்கா"ம்பேன். அவங்க போனதும் ஒரு மணி நேரம் ஒரு வேலை ஓடாது. ஏழு வருஷத்துல எத்தனை அமாவாசை, நீங்களே பாத்துக்கங்க.

சொல்றேன், இருங்க. நீங்க ஏதோ சொல்லணும்னு துடிக்கறீங்க, தெரியுது. சங்கரியப் பத்தி முடிச்சுர்றேன். அத முடிக்கலைன்னா நான் சொன்னது அத்தனையும் வீணு.

சங்கரிய வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. நான்தான் ஓனரம்மாகிட்டச் சொன்னேன். அடுத்தவங்க பொருளக் கேக்காமக் கொட்டிட்டா, நாளைக்கு ஆர்டருக்கு வந்த பொருளுக்கு யாரு பதில் சொல்றதுன்னு சொன்னேன். ஓனரம்மா கோவக்காரங்க, அன்னிக்கே கணக்க முடிச்சு அனுப்பிட்டாங்க. அவளுக்கு அப்ப கைக்குழந்தை. ஒரு வாரம் கழிச்சு வந்து கேட்டுக்கு வெளிய நின்னா. உள்ள வரல. "அக்கா, அன்னிக்கு நான் இங்கயே இல்லக்கா. பார்சல் ஆபீஸுக்குப் போயிருந்தேன், பதினோரு மணியில இருந்து ஒண்ணரை வரைக்கும். சீட்டு இருக்குக்கா, நேரம் போட்டிருக்கு, பாருங்கக்கா"ன்னு நீட்டுனா. நான் வாங்கிப் பாக்கல. வேலை கெடக்குதுன்னு உள்ள வந்துட்டேன்.

ஏன் பாக்கலைன்னு கேளுங்க.

யாரு கேக்கறது? நானே சொல்றேன். போனு பேசறதுக்கு நான் அந்தப் பக்கம் போகல தம்பி. பேப்பரு பக்கத்துலயேதான் நின்னேன். போன தோள்ல இடுக்கிக்கிட்டு, நாத்தனா பேசறத 'ம், ம்'னு கேட்டுக்கிட்டு, கை சும்மா இருக்காதே... பேப்பர எடுத்தது, மடிச்சது, டின்னுல சாய்ச்சது. எல்லாம் என் கைதான். இதோ இந்தக் கைதான். சாய்ச்சு முடிச்சு, பேப்பர நாலா மடிச்சு வச்சுட்டு, போன வச்சுட்டுத் திரும்பிப் பாத்தப்பதான் சிமிழு தெரிஞ்சுது, மூடி தொறந்து காலியா. அப்பதான் எனக்கு உறைச்சுது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் 'யாரு கொட்டுனது'ன்னு நானே கத்துனேன். கத்துனதும் மத்த மூணு பேரும் திரும்பிப் பாத்தாங்க. அன்னிக்கு அங்க இல்லாதவ ஒருத்திதான். இல்லாதவ பேரு வாயில ஈசியா வந்துருது; வெளிய கெளம்பறப்ப அவதான் கொட்டிட்டுப் போயிட்டான்னேன். அப்புறம் அதையே சொல்லிச் சொல்லி, எனக்கே அப்படித்தான் நடந்துச்சுன்னு ஆயிப்போச்சு. இன்னிக்கு உங்ககிட்டயும் மொதல்ல அப்படித்தான் சொன்னேன், பாத்தீங்களா. நாக்கு அப்படிப் பழகிக்கெடக்குது.

போதும். சொல்லிட்டேன்.

இப்ப உங்க அக்கா விஷயத்துக்கு வருவோம். அந்த டாலர நீங்க கொண்டாந்தா நான் திரும்ப உருக்கி, அவங்களையும் உள்ள வச்சு, அழகாச் செஞ்சு குடுக்க முடியும். உங்களுக்கு ஒண்ணும் தெரியப்போறதில்ல. ஆனா அது பொய்யி தம்பி. தாயி ஒரு எடத்துல கெடப்பா, பொண்ணு ஒரு எடத்துல கெடப்பா. உசுரோட இருந்தப்ப அவங்கள ஏமாத்துனேன். செத்ததுக்கப்புறமும் ஏமாத்த எனக்குத் தெம்பு இல்ல. நெசமாவே சேக்கணும்னா அந்த டின்னுலதான் சேக்கணும். உங்க மருமக அங்கதான் இருக்கா. எண்ணெய் டின்னுல, வெறகுச் சாம்பலோட. உங்களுக்கு அசிங்கமா இருந்துச்சுன்னா, டின்னையே தூக்கிக்கிட்டுப் போயிக் கடல்ல கரைச்சுருங்க. போலீஸுக்குப் போனாலும் போங்க. இப்ப பேசுங்க. நான் வாயத் தொறக்கல.

என்னா?

டாலர் எங்க இருக்குன்னு சொன்னீங்க? கழுத்தோட விட்டுட்டீங்களா? அவங்களே சொன்னாங்களா, அத எடுக்க வேணாம், என்னோட எரிஞ்சு போவட்டும்னு?

அப்புறம் எதுல சேக்கறதுக்குப் பைய எடுத்துக்கிட்டு...

அக்காவுக்குத் தெரியுமா? யாரு சொன்னது? சங்கரியா? சங்கரி பாகூருக்கு வந்தாளா? எப்போ?

மொத வருஷமேவா. அன்னிக்குக் கூட இருந்த மூணு பேருல யாராவது என் கையப் பாத்துட்டு அவகிட்டச் சொல்லியிருப்பாங்களோ?

இல்ல. இல்ல தம்பி, இருக்காது. நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருக்கீங்க. தெரிஞ்சிருந்தா எப்படி வருவாங்க? தெரிஞ்சா என் கொண்டையப் புடிச்சு ஆட்டியிருக்க மாட்டாங்களா? அவங்க வந்து இங்க உக்காந்து, எனக்குப் பாயசம் குடுத்து, என் பேத்திக்கு ஜாக்கெட்டு கூடத் தச்சுக் குடுத்தாங்க...

டின்னு பக்கத்துல உக்காந்தாங்க.

அட கடவுளே. ஜப்பானான்னு கேட்டுச் சிரிச்சாங்களே, மணியில ஒட்டிக்கிட்டு அவளும் போறான்னு.

தண்ணி குடுங்க. இல்ல, வேணாம், வேணாம், நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க முழுசாச் சொல்லுங்க. ஆஸ்பத்திரியில என்னா சொன்னாங்க? அவங்க சொன்ன மாதிரியே சொல்லுங்க, ஒரு வார்த்தை மாத்தாதீங்க.

"டின்னுல சேத்துரு"ன்னாங்களா.

"நீ கொட்டாத. அஞ்சலாட்சி அக்கா கையால கொட்டச் சொல்லு. அந்தக் கைதான் அவளயும் போட்டுச்சு."

அப்படியேவா சொன்னாங்க? கோவமாச் சொன்னாங்களா? சும்மா சொன்னாங்களா? எப்படிச் சொன்னாங்க தம்பி, குரலு எப்படி இருந்துச்சு, யோசிச்சுப் பாருங்க. தெரியலையா? ஆக்சிஜன் மாஸ்க்கு போட்டிருந்துச்சா. சரி. உங்களுக்கு எப்படித் தெரியும்.

குடுங்க பைய. குடுங்க, நான் கீழ போடமாட்டேன். நீங்க டின்னு மூடிய மட்டும் தூக்குங்க. வெதுவெதுன்னு இருக்குல்ல? நான் பொய் சொல்லல பாத்தீங்களா.

ஏழு வருஷம் தம்பி. வாசல்ல நின்னு, "நல்லா இருக்காளாக்கா"ன்னு என் கண்ணப் பாத்துக் கேட்டா. நான் நல்லா இருக்கான்னேன். தலைய ஆட்டிட்டுப் பஸ்ஸுக்குப் போனா. ஒரே ஒரு அமாவாசை, "ஏண்டி பாவி, என் பொண்ண என்னாடி பண்ண"ன்னு என் கன்னத்துல ஒண்ணு விட்டிருந்தா, அன்னிக்கே கால்ல விழுந்து அழுது தீத்திருப்பேன். இப்ப யாரு கால்ல விழறது? ஒரு வார்த்தை கேக்காமலே போயிட்டாளே தம்பி உங்க அக்கா. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?